அப்பாவின் அடுத்த வருட ஸ்கேனை ஏஐ வரைந்து தருமாம்: நம்பலாமா?

பல்லடத்தான்
வணக்கங்க. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. பஞ்சு மில்லில், பஞ்சை உதறிச் சிக்கெடுக்கும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் 26 வருடம் இருந்தவர். பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. தைப்பூசத்துக்குச் சென்னிமலை போனால் 1320 படியையும் நடந்தே ஏறுவார். போன முறை பாதி வழியில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கறேன்" என்றார். செருப்பை நாங்கள் அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கு முன்பே ஒரு வருடமாக வறட்டு இருமல் இருந்திருக்கிறது. எச்.ஆர்.சி.டி. என்ற நுரையீரல் ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலின் அடிப்பக்கம் தழும்பு மாதிரி இறுகியிருக்கிறது, ஃபைப்ரோசிஸ் என்றார்கள். ஊதும் டெஸ்ட்டில் எஃப்.வி.சி., அதாவது முழு மூச்சு இழுத்து ஊதினால் வெளியே வரும் காற்றின் அளவு, முதலில் 2.31 லிட்டர், நாலு மாதம் கழித்து 2.24. இன்னும் சில டெஸ்ட் பார்த்துவிட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா மகன் கோயமுத்தூரில் ஐடி வேலை. இப்போது எடுத்த சி.டி. ஸ்கேனைக் கொடுத்தால் ஒரு வருடம் கழித்து அந்த நுரையீரல் எப்படி இருக்கும் என்று ஏஐ படமாகவே வரைந்து காட்டிவிடுமாம். ஒரு வீடியோ காட்டினான். இடப்பக்கம் இன்றைய ஸ்கேன், வலப்பக்கம் வரப்போகிற ஸ்கேன். ஸ்கேன் பதிந்த சிடித் தட்டைக் கொடு, நான் போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். தங்கச்சி சரி என்கிறாள். அம்மாதான், "அப்படி வரைஞ்சு குடுத்துட்டா, அதைப் பாத்துட்டு ஒரு வருசம் எப்படீடா இருக்கறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இது நிஜமா, வெறும் வித்தையா?

காங்கேயம்காளை
வித்தைதானுங்க. முன்னே கிளி எடுத்த சீட்டு, இப்போது கம்ப்யூட்டர் எடுக்கிற சீட்டு.

கோடுபோடுகிறவன்
காளை அண்ணா, அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாதுங்க. நான் சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தில் மருத்துவப் படங்களுக்கான ஏஐ மாடல்களில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், ஒரே நோயாளிக்கு வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஜோடியாக மாடலுக்குக் காட்டுவார்கள். முதல் ஸ்கேன் இது, 12 மாதம் கழித்து இது என்று. இப்போது அதிகம் புழங்குவது டிஃப்யூஷன் என்ற முறை. ஒரு படத்தின் மேல் படிப்படியாகப் புள்ளி இரைச்சலைத் தூவி, முழுக்கக் கெடுத்து, அந்தக் கெட்ட படத்திலிருந்து நல்ல படத்தைத் திரும்ப எடுக்க மாடலைப் பழக்குவது. 2020க்குப் பிறகு இதுதான் வேகமாகப் பரவியது. அதற்கு முன் 2014இல் வந்த கான் என்ற முறையில் ஒரு மாடல் போலிப் படம் செய்யும், இன்னொன்று அது போலியா என்று பிடிக்கும். எந்த முறையானாலும் கடைசியில் கிடைப்பது முதல் ஸ்கேனுக்குப் பொருந்துகிற, நம்பும்படியான ஒரு அடுத்த ஸ்கேன். ஆராய்ச்சியில் இது நிஜமாகவே நடக்கிறது.

ஆனால் "நம்பும்படியான" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாடலுக்குக் கொடுத்த வேலை ஸ்கேன் மாதிரியே இருக்கிற படத்தைச் செய்வது. அப்பாவுக்கு நடக்கப்போவதைச் சொல்வது வேறு வேலை. முதல் வேலையில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தூரம் இரண்டாவதில் நம்மை ஏமாற்றும். 2018இல் ஒரு ஆய்வில், மூளை எம்.ஆர்.ஐ. படங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் மாடலைச் சோதித்தார்கள். பயிற்சிப் படங்களில் கட்டி உள்ளவை எத்தனை என்பதைப் பொறுத்து, அது இல்லாத கட்டியைச் சேர்த்தது, இருந்த கட்டியை அழித்தது. படம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

இன்னொன்று. இந்த மாடலிடம் ஐம்பது தடவை கேட்டால் ஐம்பது எதிர்காலம் கொடுக்கும். வீடியோவில் காட்டுவது அதில் ஒன்று.

ஃபிலிம்ரூம்
ஈரோட்டுப் பக்கம் சி.டி. டெக்னீசியன், 17 வருட அனுபவம். தம்பி, ஏஐ பக்கம் போவதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் சிடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

எச்.ஆர்.சி.டி. என்றால் ஒவ்வொரு வெட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெலிசாக இருக்க வேண்டும். 1.25 மில்லிமீட்டரில் எடுத்தால் 30 சென்டிமீட்டர் நெஞ்சுக்கு 240 படம் வரும். பல இடங்களில் சிடியில் எழுதிக் கொடுப்பது 5 மில்லிமீட்டர் வரிசையை மட்டும்தான். மெலிசு வரிசை மிஷினிலோ சர்வரிலோ கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் இடம் போதவில்லை என்று அழித்துவிடுவார்கள்.

அடுத்தது மூச்சு. "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று மிஷின் சொல்லும். இருமல்காரர்களால் பிடிக்க முடியாது. காற்று குறைந்தால் நுரையீரல் அடர்த்தியாகத் தெரியும். ஸ்கேனில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு கணக்கில் காற்று மைனஸ் 1000, தண்ணீர் 0, நல்ல நுரையீரல் மைனஸ் 850 பக்கம். அரை மூச்சில் எடுத்த படத்தில் அந்த எண் மேலே ஏறும், நோய் கூடிவிட்ட மாதிரி மங்கலாகத் தெரியும். போன தடவை நன்றாக இழுத்தார், இந்தத் தடவை இழுக்கவில்லை என்றால் இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் நோய் எவ்வளவு, மூச்சு எவ்வளவு? நேரில் நின்று எடுத்த எனக்குத் தெரியும். படத்தை மட்டும் பார்க்கிற மாடலுக்கு யார் சொல்வது?

இது போதாது என்று கர்னல் வேறு, அதாவது மிஷின் படத்தை உருவாக்கும் கணக்குமுறை. ஒரே ஸ்கேனைக் கூர்மையாகவும் செய்யலாம், வழவழப்பாகவும் செய்யலாம். கூர்மையான கர்னலில் சாதாரண நுரையீரல்கூட நார் நாராகத் தெரியும். ஒரு மிஷினில் பழகிய மாடல் இன்னொரு மிஷின் படத்தைப் பார்த்துத் தடுமாறுவது இதனால்தான்.

பல்லடத்தான்
அண்ணா, சிடியைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 62 படம், 5 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. அவ்வளவுதானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். தங்கச்சி ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படம் எடுத்து ஒரு சாட்பாட்டில் போட்டாள். "லேசான மாற்றம், பயப்பட வேண்டாம்" என்று வந்தது. வேறொரு நாள் அதே படத்தைப் போட்டால் "தீவிரமாகக் கவனிக்கவும்" என்கிறது.

கோடுபோடுகிறவன்
திட்டவில்லைங்க, எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் இது நாம் பேசிக்கொண்டிருந்த விஷயமே இல்லை. சி.டி. கோப்பில் சாம்பல் நிறம் நாலாயிரம் படிகள் வரை இருக்கும். ஃபிலிமில் அதில் ஒரு துண்டைத்தான் அச்சடிக்கிறார்கள். அதைச் செல்போனில் எடுத்தால் 256 படி, கூடவே ஜன்னல் கம்பியின் நிழல். அதற்கு மேல் சாட்பாட் சொல்வது ஜோசியக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வது மாதிரி. இந்த இடத்தில் காளை அண்ணா சொன்னது சரி.

அந்த சிடியில் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் எல்லாம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். உறவுக்காரப் பையனே ஆனாலும், எந்தத் தளத்தில் ஏற்றப்போகிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமக்கல்_முட்டை
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். உங்கள் வீட்டில் புறா இருக்கிறதா? கோழி? ஏர் கூலர்?

என் மாமனாருக்கும் இதே கதைதான், ஃபைப்ரோசிஸ். ஏழெட்டு மாதம் எல்லோரும் ஸ்கேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு டாக்டரம்மாதான் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டார். எங்கே படுப்பீர்கள், தலைமாட்டில் என்ன இருக்கிறது, மாட்டுக்கு வைக்கோல் யார் போடுவது, சுவரில் ஈரம் ஊறுகிறதா. எங்களுக்குக் கோழிப்பண்ணை. தினமும் கொட்டகைக்குள் போவார். போவதை நிறுத்தச் சொன்னார்கள். குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் சரிந்துகொண்டே வந்த எண் ஒன்றரை வருடமாக அதே இடத்தில் நிற்கிறது.

பல்லடத்தான்
புறா இல்லை. கூலர் இருக்கிறதுங்க. அப்பா கட்டிலுக்கு நேராக. தோட்டத்துச் சாளை வீட்டில் வெயில் தாங்காது என்று நாலு வருடம் முன்பு நான்தான் வாங்கி வைத்தேன்.

நெஞ்சகமாணவி
நெஞ்சக மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், அப்பாவைப் பார்த்த டாக்டர் சொல்வதே முடிவு.

முட்டை அண்ணா கேட்டது குறுக்குக் கேள்வி இல்லை, அதுதான் முதல் கேள்வி. நுரையீரல் இறுகுவதற்குக் காரணங்கள் நிறைய. காரணமே தெரியாமல் வருவதை ஐ.பி.எஃப். என்கிறோம். சுவாசிக்கும் பூஞ்சைத் துகள், பறவைத் தூசு போன்றவற்றை உடம்பு எதிர்க்கப்போய் வருவது எச்.பி., ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைடிஸ். 2017இல் வெளியான இந்திய ஐ.எல்.டி. (இப்படி நுரையீரல் திசுவைப் பிடிக்கும் நோய்கள்) பதிவேட்டில் 19 நகரங்களின் 27 மையங்களிலிருந்து 1084 நோயாளிகள் இருந்தார்கள். அதில் எச்.பி. 47.3 சதவீதம், ஐ.பி.எஃப். 13.7 சதவீதம்தான். எச்.பி.காரர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஏர் கூலர் தொடர்பு இருந்தது.

ஏஐ பேச்சுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நுரையீரல் இறுக்கம் எப்படிப் போகும் என்று கணிக்கும் வேலைகளில் பெரும்பங்கு ஐ.பி.எஃப். நோயாளிகளின் ஸ்கேன்களை வைத்து, அதுவும் வெளிநாட்டு மையங்களில் நடந்தது. அந்த மாடல் அப்பாவின் ஸ்கேனைப் பார்த்தால் ஐ.பி.எஃப். போகிற வழியில்தான் கோட்டை நீட்டும். கட்டிலுக்கு எதிரில் கூலர் இருப்பது அதற்குத் தெரியாது. நாளைக்கு நீங்கள் அதைக் கழற்றிவிட்டாலும் தெரியாது.

மில் தூசுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசால் வரும் பிசினோசிஸ் நம் பக்கத்து நோய்தான், 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் தொழில் நோய்களைப் பட்டியலிட்ட மூன்றாம் அட்டவணையிலேயே இருந்தது. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், நாள் போகப்போகக் குறையும், அது அதன் அடையாளம். ஆனால் அது முக்கியமாக மூச்சுக்குழாயைப் பிடிக்கும். அடிப்பகுதி இறுகித் தழும்பாவதற்கு அதுதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. மில் வேலையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் அதோடு கதை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

காங்கேயம்காளை
சரி, கேட்கிறேன். டாக்டர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்? மூணு மாசம் கழிச்சு வாங்க, ஊதுங்க. மறுபடி மூணு மாசம் கழிச்சு வாங்க, ஊதுங்க. எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி ஊதி ஊதியே மருந்தை லேட்டாக ஆரம்பித்தார்கள். முன்கூட்டியே சொல்ல ஒரு மிஷின் வந்தால் வரட்டுமே.

ஃபிலிம்ரூம்
கிளிச்சீட்டு என்று ஆரம்பித்தவர் நீங்கள்தானே?

காங்கேயம்காளை
ஆமாம். இருமல்காரன் வீட்டுக்கு இரண்டு மனசு இருக்கும்.

நெஞ்சகமாணவி
உங்கள் கோபம் நியாயமானதுதான். காத்திருந்து பார்ப்பதில் நிஜமான நஷ்டம் உண்டு. போன சுவாசத்தைத் திரும்ப வாங்க முடியாது. ஐ.பி.எஃப்.க்கு இப்போது தரும் மருந்துகளும் சரிவின் வேகத்தைத்தான் குறைக்கும். 2014இல் வந்த நின்டெடானிப் ஆய்வுகளில், மருந்தில்லாதவர்கள் ஒரு வருடத்தில் எஃப்.வி.சி.யில் 207 முதல் 240 மில்லி வரை இழந்தார்கள், மருந்து எடுத்தவர்கள் சுமார் 115 மில்லி. இன்னொரு மருந்தான பிர்ஃபெனிடோன் எடுப்பவர்கள் வெயிலில் நின்றால் தோல் எரியும். தோட்ட வேலைக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்ல வேண்டும், சிலர் அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். இத்தனை சங்கடமுள்ள மாத்திரையை வேகமாகச் சரியப்போகிறவருக்கு இன்றைக்கே கொடுக்கவும், அப்படியே நிற்கப்போகிறவரைச் சும்மா விடவும் முடிந்தால் நல்லதுதானே? அந்த ஆசையில்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறது. ஏஐ வருவதற்கு முன்பே, ஐ.பி.எஃப். நோயாளியின் உயிராபத்தைக் கணிக்க கேப் என்று ஒரு மதிப்பெண் இருக்கிறது, 2012இல் வந்தது. ஆணா பெண்ணா, வயது, இரண்டு மூச்சுப் பரிசோதனைகள், அவ்வளவுதான். புதிதாக வரும் எந்த மாடலும் முதலில் இந்தச் சாதாரணக் கணக்கைத் தோற்கடித்துக் காட்ட வேண்டும்.

கோடுபோடுகிறவன்
இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020இல் ஓசிக் என்ற அமைப்பு, ஏஐ போட்டிகள் நடக்கும் காகிள் தளத்தில் ஒரு போட்டி வைத்தது. ஃபைப்ரோசிஸ் நோயாளியின் முதல் ஸ்கேனையும் முதல் எஃப்.வி.சி.யையும் வைத்து, வரப்போகிற எஃப்.வி.சி.யைச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குக் கிடைத்தது 176 நோயாளிகள். அதில் எனக்குப் பிடித்தது மதிப்பெண் போட்ட விதம். எண்ணை மட்டும் சொன்னால் போதாது, அதில் உனக்கு எவ்வளவு நிச்சயம் என்பதையும் எழுத வேண்டும். ரொம்ப நிச்சயம் என்று அளந்துவிட்டுத் தப்பாகச் சொன்னால் அடி பலமாக விழும். ரொம்பத் தயங்கினாலும் மதிப்பெண் குறையும். அந்த நிச்சயத்துக்கும் ஒரு வரம்பு, 70 மில்லிக்குக் கீழே போக முடியாது. ஏனென்றால் ஊதும் டெஸ்ட்டே அந்த அளவுக்கு முன்பின்னாக இருக்கும்.

பல்லடத்தான் அண்ணா, 2.31இலிருந்து 2.24. கழித்துப் பாருங்கள்.

பல்லடத்தான்
70 மில்லி.

கோடுபோடுகிறவன்
அதனால் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே இறங்கியிருக்கலாம், அன்றைக்குச் சரியாக ஊதாமலும் இருந்திருக்கலாம். ஆக, அளந்து பார்த்த இரண்டு எண்களை வைத்தே நமக்கு உறுதியாகத் தெரியவில்லை. வரைந்த படம் மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி நிற்கிறது. படத்துக்குத் தயங்கத் தெரியாது. உங்கள் பெரியப்பா மகன் மாடலை ஓட்டியே தீருவேன் என்றால் படத்தை வாங்காதீர்கள். "12 மாதத்தில் எஃப்.வி.சி. எதிலிருந்து எதற்குள் இருக்கும்" என்று இரண்டு எண் கேளுங்கள். 1.7க்கும் 2.3க்கும் நடுவில் என்று வந்தால் அந்த மாடல் நேர்மையானது, ஆனால் உங்களுக்கு உபயோகமில்லை.

இன்னொரு ஓட்டையும் சொல்கிறேன், இது எங்கள் தொழிலில் வெளியே அதிகம் பேசாதது. பயிற்சிக்கு ஜோடி ஸ்கேன் வேண்டும் என்றேனே, ஒரு வருடம் கழித்து யார் இரண்டாவது ஸ்கேனுக்கு வருவார்கள்? நடந்து வர முடிந்தவர்கள். திடீரென்று முற்றிப்போனவர்களும் இறந்துபோனவர்களும் ஜோடியில் இருக்கமாட்டார்கள். எனவே மாடல் கற்றுக்கொள்ளும் எதிர்காலம் பிழைத்தவர்களின் எதிர்காலம். பயமுறுத்தும் என்று அம்மா நினைக்கிறார். எனக்கு அது பொய்யாக ஆறுதல் சொல்லிவிடுமோ என்றுதான் பயம்.

வெள்ளகோவில்_அக்கா
எல்லாம் படித்தேன். என் வீட்டுக்காரருக்கு ஐ.பி.எஃப். மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார். அதனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

உங்கள் அம்மா தெரியவே வேண்டாம் என்கிறார். எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடல் படத்தைச் சொல்லவில்லை, ஒரு மனுஷன் வாயால் சொல்லியிருக்கலாம். "பாக்கலாம், பாக்கலாம்" என்றே நாட்கள் போயின. நுரையீரல் மாற்று என்று ஒன்று உண்டு, அதற்கு முன்கூட்டியே போய்ப் பதிய வேண்டும் என்று நாங்கள் கேள்விப்பட்டபோது, அவர் சென்னை வரைக்கும் பயணம் தாங்கமாட்டார். மகள் கல்யாணத்தை அடுத்த தை மாதம் என்று தள்ளி வைத்திருந்தோம். அவர் பார்க்கவில்லை.

கணக்கு தப்பாகப் போனாலும் பரவாயில்லை, "இப்படி நடக்கலாம், அதற்குள் இதைச் செய்துவிடுங்கள்" என்று யாராவது உட்கார்ந்து பேசட்டும். அது மிஷின் சொல்லி டாக்டர் பேசினாலும் சரி.

காங்கேயம்காளை
அக்கா.

நெஞ்சகமாணவி
அக்கா, நீங்கள் எழுதியதைக் குறித்து வைத்துக்கொண்டேன். இதைப் பேச எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

பல்லடத்தான்
பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். கேட்கவேண்டியதைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன்.

கூலரைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூலர்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. கழற்றிவிடுங்கள், கழற்றுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை என்றார். மூட்டு, தோல் சம்பந்தமான ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். மூச்சை வெளியே விட்ட நிலையில் சில படங்கள் வேண்டும், எச்.பி.யாக இருந்தால் காற்று அங்கங்கே சிக்கி நிற்பது அதில் தெரியும் என்றார். பழைய ஸ்கேனில் அது எடுக்கவே இல்லையாம்.

ஏஐ பற்றியும் கேட்டேன். சிரிக்கவில்லை. ஸ்கேனில் இறுகிய பகுதி எத்தனை சதவீதம் என்று அளந்து சொல்லும் மென்பொருள் வந்தால் நாளைக்கே வாங்கிக்கொள்வேன், என் கண்ணால் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் ஐந்து சதவீத வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது என்றார். வரைந்த படத்தை வைத்து மாத்திரை எழுதமாட்டேன் என்றும் சொன்னார்.

அப்புறம் வெள்ளகோவில் அக்கா சொன்னதைக் கேட்டேன். அப்பாவை வெளியே உட்காரவைக்கத்தான் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை, "எனக்குத்தானே சொல்றாரு" என்றார். இருபது நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். வரும்போது பஸ்ஸில் அப்பா, தங்கச்சி மகளுக்கு இந்த வருடமே காது குத்திவிடலாம் என்றார்.

கூலரின் பக்கத் தடுப்பைக் கழற்றினால் உள்ளே இருந்த நார் கறுத்துப் போயிருந்தது. நாலு வருடமாக நான் அதை மாற்றவே இல்லை. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வெளியே எடுத்துப் போட்டேன்.

ஃபிலிம்ரூம் அண்ணா, ஒரு உதவி. ஸ்கேன் சென்டரில் கேட்டதற்கு மெலிசு வரிசை இன்னும் சர்வரில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பென் டிரைவ் எத்தனை ஜிபி கொண்டுபோக வேண்டும்?

ஃபிலிம்ரூம்
நாலு ஜிபி போதும் தம்பி, தாராளமாக இருக்கும். காலியான பென் டிரைவாகக் கொண்டுபோங்கள், வைரஸ் பயத்தில் பழையதைச் செருகவிடமாட்டார்கள். சாதாரண ஃபோட்டோ மாதிரி ஜேபெக் வேண்டாம், டைகாமாக (ஸ்கேனின் அசல் கோப்பு வடிவம்) கொடுங்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இன்றைக்கே போய்விடுங்கள்.